நெவ்யானா வைத்த புள்ளி

நெவ்யானாவைப் போல விதியைக் கட்டிக்கொண்டு அழுத ஒருத்தியை நான் பார்த்ததில்லை. பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் தொழில் உதவி வாரியத்தின் தரவு அறையில் எனக்கு எதிர் மேசை அவளுடையது. பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் எங்களிடம் உள்ள ஆலைக் கணக்குகளை அந்த அறைக்குள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அவர்கள் போடும் அட்டவணை வெளியே போகுமுன் நெவ்யானா சரிபார்ப்பாள். ஓர் ஊரில் மூன்று ஆலைகளுக்குக் குறைவாக இருந்தால் எண்ணை எடுத்துவிட்டுப் புள்ளி வைப்பாள். இரண்டே ஆலை என்றால் ஒரு முதலாளி தன் கணக்கைக் கழித்து அடுத்தவன் கணக்கைக் கண்டுபிடித்துவிடுவான் இல்லையா, அதற்காக. பேராசிரியர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அசைய மாட்டாள். "அழுதாலும் புள்ளிதான் ஐயா. கண்ணத் தொடச்சிக்கங்க" என்பாள்.

அந்த வருடம் பல்கலைக்கழகமும் வாரியமும் சேர்ந்து பெரிய ஆய்வொன்றை எடுத்தன. எந்த ஊர்களில் வேலை அதிகம் பறிபோனதோ, அந்த ஊர் ஆலைகளில் பாதிச் சம்பளத்தை அரசு கொடுக்கும். நெவ்யானாவின் சொந்த ஊர் கமென்பிரோட் அதைத்தான் நம்பியிருந்தது. அங்கே செருப்பு ஆலையில் அவள் தம்பி ஸப்ரியான் தோல் வெட்டிக்கொண்டிருந்தான். பாதிப் பேரை ஏற்கெனவே அனுப்பியாயிற்று. உதவி வராவிட்டால் மீதிப் பேரும் வீட்டுக்குத்தான்.

ஞாயிறானால் ஃபோன் செய்வான். "எங்க அக்காவே அங்க உக்காந்திருக்கா, ஊர விட்டுடுவாளான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்க்கா!"

கமென்பிரோட்டில் மூன்று ஆலைகள் இருந்தன. குளிர்காலத்தில் பின்னலாடை ஆலை மூடிவிட, மிச்சம் இரண்டு. அட்டவணை வந்தபோது நாட்டிலேயே மோசமான எண்களில் ஒன்று அந்த ஊருடையது. நெவ்யானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, உன் ஊருடி. கண்ண மூடிக்கிட்டு விட்டுடு" என்றேன்.

"மத்த ஊருக்கெல்லாம் வெச்சேன்ல?" என்றாள். "வாரியத்துக்குத்தான் எண் தெரியுமே, அவங்க பாத்துக்குவாங்க." புள்ளி வைத்தாள். 'புள்ளி என்றால் எண் மறைக்கப்பட்டது. இழப்பு இல்லை என்று பொருளல்ல' என்று அட்டவணைக்கு அடியில் எழுதவும் செய்தாள்.

பல்கலைக்கழகம் இருநூறு பக்க அறிக்கை கொடுத்தது. மாடியில் இருந்த வாரிய அதிகாரிகள் அதை இருபது பக்கமாக்கி, கூட்டத்துக்காக ஒரே பக்கமாக்கினார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். அந்த ஒரு பக்கத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. புள்ளி இருந்த இடத்திலெல்லாம் யாரோ பூச்சியம் போட்டிருந்தார்கள். கமென்பிரோட்டில் ஒருவருக்குக்கூட வேலை போகவில்லையாம்!

மாடிக்கு ஓடினாள். "பல்கலைக்கழகம் குடுத்த அட்டவணைம்மா அது" என்றார் அதிகாரி. ஆய்வை நடத்திய பேராசிரியர் லுட்ஸ்கானோவோ, "அந்த ஒரு பக்கத்த நாங்க எழுதலையே" என்றார். ஆளுக்கொரு மரியாதை காட்டி, ஆளுக்கொரு காப்பி கொடுத்து அனுப்பினார்கள். அவள் எழுதிய கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அவளுக்காக நான் வாங்கி வந்த பாலாடைக்கட்டிப் பலகாரம், பனீத்ஸா, தட்டிலேயே காய்ந்தது.

ஈஸ்டருக்கு முன்பே செருப்பு ஆலையை மூடிவிட்டார்கள். பண்டிகைக்குச் சாயமிட்ட சிவப்பு முட்டைகளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். பேருந்து நிலையத்தில் பையை வாங்கிக்கொண்டே ஸப்ரியான் குரலைத் தாழ்த்தினானாம்.

"அக்கா, அந்த அறிக்கை வர்றதுக்கு முன்னாடியே நீ வேலைய விட்டுட்டதா ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன். யாராவது கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு."

"ஏன்டா?"

"உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுக்கா."

வேலை போனவன் அக்காவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். ஆலை வாசலில் தொழிலாளிகள் சாவு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், மனிதர்களுக்கு ஒட்டுகிற அதே கறுப்புக் கரைத் தாள். செத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆலையின் பெயர். அவள் அதைப் படித்துக்கொண்டு நின்றபோது, இருபது வருடம் அங்கே செருப்பு தைத்த பக்கத்து வீட்டு பாரஸ்கேவா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலைய விட்டுட்டியாமே நெவ்யானா? எங்க கெட்ட நேரம். நீ மட்டும் அங்க இருந்திருந்தா எங்கள இப்படி விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன் அக்கா" என்றாளாம்.

விடுமுறை முடிந்து வந்தாள். முதல் அட்டவணையிலேயே இரண்டு ஆலை ஊர் ஒன்று இருந்தது, எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஊர்.

"யாரோட தம்பியோ" என்றாள். புள்ளி வைத்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.