கை ஒழியாத நேரத்தில் போர்த்திய பொன்னாடை

ரிஃப்காவின் இடது கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. அதில் கஞ்சி நிரப்பிய பெரிய சிரிஞ்ச். அதிலிருந்து இறங்கும் குழாய் அவள் உம்மா ரசியா பேகத்தின் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிறது. வலது கையில் சிவப்புப் பேனா. பக்கத்து ஸ்டூலில் பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்கள். கட்டில் தலைப்பக்கம் உயராத சாதாரணக் கட்டில் என்பதால், நான் பின்னால் உட்கார்ந்து அந்த அம்மாவின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள் நான். பக்கவாதத்தில் விழுந்த ரசியா பேகத்தைப் பார்த்துக்கொள்ள, துபாயில் இருக்கும் மகன் அப்சர் என்னை முத்துப்பேட்டைக்கு வரவழைத்திருந்தான்.

“பேப்பரைக் கீழ வைம்மா. குழாயைப் பாரு,” என்றேன்.

“நாளைக்குப் புள்ளைங்களுக்குக் குடுக்கணும் கமலாம்மா.”

“நீ அங்க டீச்சரே இல்லேன்னு கோர்ட்டுல சொல்றாங்க. இல்லாத டீச்சர் திருத்தலேன்னு யாரு கேக்கப்போறா?”

“புள்ளைங்க கேக்கும்.”

இந்த அநியாயத்தை வாசிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் வேலை பார்ப்பது பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கும் உதவி பெறும் பள்ளி. அங்கே ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். ஆனால் நியமனம் செய்த நிர்வாகம் அதைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ரிஃப்காவை நேர்முகத்தில் தேர்ந்தெடுத்து ஆணை கொடுத்த பழைய தாளாளர், அதை அனுப்புவதற்குள் இறந்துவிட்டார். அடுத்து வந்த அஹமது கபீர், பழையவருக்கு ஆள் போடும் அதிகாரமே இல்லை என்றார். சரி, அப்படியானால் அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வகுப்புக்குப் போம்மா, பார்த்துக்கொள்ளலாம் என்றார். எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார், சம்பளம் மட்டும் வரவில்லை. மாலை டியூஷனும் தம்பி அப்சர் அனுப்புவதும்தான் வீட்டை ஓட்டுகின்றன.

நின்றுவிடலாமே என்று நானும் கேட்டேன். நின்றால் வேலையை விட்டுப் போனாள் என்பார்கள். தொடர்ந்து வகுப்புக்குப் போனால் சேவை செய்கிறாள் என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அவளை மாட்டிவைத்துக்கொண்டு, அவள் வாங்கிக்கொடுத்த நூறு சதவீதத் தேர்ச்சியைப் பள்ளி வாசலில் தட்டி எழுதிக் கட்டுகிறார்கள்.

மூன்று வருடம் முன்பு ஆண்டு விழாவில் கபீர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்த வருகிறவர் கையை எங்கள் பக்கத்தில் யாரும் தட்டிவிடுவதில்லை, குனிந்து வாங்கிக்கொள்வோம். அவளும் குனிந்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்த பேனரில் ‘ஊதியம் கருதாத ஆசிரியை’ என்று அச்சடித்திருந்ததை அவள் பார்க்கவில்லை. அவள் வழக்குப் போட்ட பிறகு, அந்தப் போட்டோவைத்தான் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. இவர் எங்கள் ஊழியரே அல்ல, தன்னார்வலர், இதோ நாங்கள் பாராட்டியிருக்கிறோம் என்று.

சேவை என்ற சொல் எனக்கும் பழக்கம். ‘நீங்க பண்றது பெரிய சேவை கமலாம்மா’ என்று எந்த வீட்டில் ஆரம்பித்தாலும், அன்றைக்கே அந்த மாதச் சம்பளத்தைக் கேட்டுவிடுவேன்.

அன்று மாலை அந்தக் கஞ்சி பாதி இறங்கியிருந்தபோது வாசலில் கார் நின்றது. கபீரும் அவருடைய டிரைவரும் நேராக உள்ளே வந்தார்கள்.

“ரோடு பூரா நெல்லைக் காயப்போட்டிருக்கானுவ, வண்டி நகரல,” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். “உம்மா எப்படிம்மா இருக்காங்க?”

“இருக்காங்க காக்கா.” இந்த ஊரில் அண்ணன் முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“நீ நம்ம வீட்டுப் பொண்ணு. நம்ம வீட்டுப் பொண்ணு கோர்ட்டுக்கெல்லாம் போலாமா?”

“நம்ம வீட்டுப் பொண்ணுங்கிறதாலதான் சம்பளம் குடுக்கலையா காக்கா?”

அவர் சிரித்தார். கோபப்படாத மனிதர், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. வருகிற ஜூனிலிருந்து அவளைப் புதிதாக நியமித்து ஒப்புதலும் வாங்கித் தருவாராம். அவள் வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். இதுவரை பாடம் எடுத்தது தன் விருப்பத்தால் செய்த சேவை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

“அப்ப எட்டு வருஷம்?”

“அதுக்கு அல்லாஹ் கூலி குடுப்பான்.”

“அவன் குடுக்குறது இருக்கட்டும். நீங்க குடுக்க வேண்டியதைச் சொல்லுங்க.”

“சரி, யோசிச்சுச் சொல்லு,” என்று எழுந்தார். டிரைவர் பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து நீட்டினான். ரிஃப்காவின் ஒரு கையில் சிரிஞ்ச், மறு கையில் குழாய். அவர் பேச ஆரம்பித்ததும் பேனாவை வைத்துவிட்டுக் குழாயைப் பிடித்திருந்தாள். விட்டால் கஞ்சி எதிர்த்து வரும். புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். எனக்கும் கை ஒழியவில்லை. அவர் நிதானமாகப் பிரித்து அவள் தோளில் போர்த்தினார். டிரைவர் செல்போனை உயர்த்தினான்.

ரிஃப்கா அசையவில்லை. மீதிக் கஞ்சி இறங்கும்வரை பிடித்திருந்தாள். தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினாள், மூடியைப் போட்டாள். பிறகுதான் பொன்னாடையை எடுத்து மடித்தாள்.

“போட்டோ எடுத்தாச்சா காக்கா?”

“ஒரு ஞாபகத்துக்குத்தாம்மா.”

“போன தடவ எடுத்த ஞாபகம் கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க.”

“போர்த்தினதைத் திரும்ப வாங்குறது மரியாதையில்ல,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார் தெருமுனை தாண்டியிருக்காது. அப்சர் போன் செய்தான். கபீர் வரும் வழியிலேயே அவனிடம் பேசியிருக்கிறார். “ஒத்துக்க ராத்தா. இனிமேலாவது சம்பளம் வரும்ல.”

“ஜூன்லதான் சேர்ந்தேன்னு எழுதிக் குடுத்தா, இத்தனை வருஷம் அந்தப் போர்டு முன்னாடி நின்னது யாருடா?” என்றாள். போனை வைத்துவிட்டு, மிச்சத் தாள்களைத் திருத்தி முடித்தாள்.

பீரோவிலிருந்து பழைய பொன்னாடையையும் எடுத்துவந்தாள். “இது எதுக்காவது ஆகுமா கமலாம்மா?”

“படுக்கைக்கு ஆகாது. ஜரிகை தோலைக் கிழிச்சிரும், வேர்வையையும் இழுக்காது. திருப்பி அனுப்பு. மறுத்துட்டேங்கிறதுக்கு அத்தாட்சி வேணும்ல.”

துவைத்துக் காய்ந்திருந்த பழைய விரிப்பில் ஒரு துண்டு கிழித்து, இரண்டையும் உள்ளே வைத்து நான் பார்சலாகத் தைத்தேன். முகவரியை அவள் எழுதினாள். ‘தாளாளர்’ என்று தொடங்கி, அனுப்புநர் இடத்தில் ‘ரிஃப்கா, பட்டதாரி ஆசிரியர், கணிதம்’ என்று முடித்தாள்.

மறுநாள் காலைக் கஞ்சியை நான் ஊற்றினேன். அவள் முதல் பஸ்ஸில் போய், தபால் அலுவலகம் திறக்கும்வரை படியில் காத்திருந்தாள். பள்ளி அதற்கு நேர் எதிரே இருக்கிறது. முகவரியைப் பார்த்த ஊழியர், “எதிர்த்தாப்புல குடுக்க ரிஜிஸ்டர் தபாலா டீச்சர்?” என்று கேட்டிருக்கிறார்.

“ஆமா. ஒப்புகை அட்டையும் வேணும்,” என்றிருக்கிறாள். ரசீதை வாங்கி வக்கீலுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, ரோட்டைக் கடந்து, மணி அடிப்பதற்குள் வகுப்புக்குப் போய் விடைத்தாள்களைக் கொடுத்தாள்.