இரண்டாவது கதவெண்

பாகலூரில் அந்த அறை இன்னும் இருக்கிறது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை, ஒரு ஜன்னல், பச்சைப் பெயின்ட் உரிந்த கதவு, நிலைக்கு மேலே ஆணியடித்த தகரத்தில் கதவெண். பக்கத்திலிருக்கும் ஆறு அறை லைன் வீடு முழுவதற்கும் ஒரே எண். இந்தப் புறாக்கூட்டுக்கு மட்டும் தனியாக ஓர் எண். கம்பெனிகளுக்கு ஆள் வந்து குவிந்த காலத்தில் மாட்டுக் கொட்டகையைக்கூட வெள்ளையடித்து வாடகைக்கு விட்ட ஊர் அது. இந்த அறையில் மட்டும் ஒரு நாளும் யாரும் குடியிருந்ததில்லை. கட்டியவர் எங்கள் வீட்டுக்கார அக்கா.

எண்பதுகளின் நடுவில் நானும் என் அறைத்தோழனும் அந்த லைன் வீட்டின் கடைசி அறையில் இருந்தோம். நான் விருதுநகர்ப் பக்கம், அவன் ராமநாதபுரம் பக்கம். ஓசூரில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். அக்கா வீட்டுக்குள் தெலுங்கும் வயலில் கன்னடமும் எங்களிடம் தமிழும் பேசுவார். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். கிணற்றடிக்கு அப்பால் ஓர் எல்லைக்கல். அதற்கு அந்தப் பக்கம் கர்நாடகம். அங்கேதான் அக்காவின் கணவருடைய ராகி வயல். எங்களுக்கு அது வெறும் கொல்லைப்புறம். பல் விளக்கிக்கொண்டே வேறு மாநிலத்துக்குப் போய்வருவோம்.

அக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. ஆறு அறைக்கும் தனித்தனிக் கதவெண் போட்டு வரி விதிக்கப் பஞ்சாயத்துக்காரர் வந்து நின்றபோது, "ஒரே சுவரு, ஒரே கூரை, ஒரே கிணறு. இதுக்கு எதுக்குப்பா ஆறு நம்பரு?" என்று வாதாடி ஒரே எண்ணோடு அவரைத் திருப்பி அனுப்பியவர். புதிதாகக் குடிவரும் ஒவ்வொருவருக்கும் அட்வான்ஸ் வாங்கும்போதே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்.

ஒரு மார்கழியில் கம்பெனி வாசலில் வேலைநிறுத்தம் தள்ளுமுள்ளாகிக் கண்ணாடி உடைந்தது. கைக்குக் கிடைத்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றியது. கிடைத்தவர்களில் நாங்கள் இருவரும் உண்டு. கிருஷ்ணகிரி கிளைச்சிறையில் வைத்தார்கள். சில நாளில் ஜாமீன் உத்தரவு வந்தது. உத்தரவு வந்தால் கதவு திறந்துவிடும் என்று நம்பிய எங்களுக்கு வக்கீல் பாடம் நடத்தினார். தலைக்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்கவேண்டும். அவர்களுக்கு உள்ளூரில் சொத்து இருக்கவேண்டும்; வீட்டு வரி ரசீதும் கிராம அதிகாரியின் சான்றும் காட்டவேண்டும். நாங்கள் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் பத்திரத்தில் எழுதிய தொகை அவர்கள் தலையில் விழும். கட்ட முடியாவிட்டால் சொத்துக்கே வந்துவிடும். உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு மாமன் மச்சான் என்று கோர்ட் வாசலில் கூட்டம் நின்றது. எங்கள் மாமன் மச்சான்களோ ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருந்தார்கள். சங்கம் அலைந்து திரிந்து எங்கள் இருவருக்கும் தலைக்கு ஒருவரைப் பிடித்துத் தந்தது. இன்னொருவருக்கு எங்கே போவது?

அக்கா வந்தார், கணவரையும் கூட்டிக்கொண்டு. ஆளுக்கு ஒருவர் என்பது அவர் போட்ட கணக்கு. கணவருடைய நிலப் பத்திரத்தை மாஜிஸ்திரேட் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அது வேற ஸ்டேட்டும்மா, இங்க எடுத்துக்க முடியாது" என்றாராம். அக்கா விடவில்லை. "விளையறதுதான் சாமி அங்க. களம் இந்தப் பக்கம். இங்கதான் அடிக்கிறோம்." கோர்ட்டே சிரித்தது என்று வக்கீல் பிறகு சொன்னார். சிரித்ததோடு சரி. லைன் வீட்டையாவது பாதி கணவர் பேரிலும் பாதி மனைவி பேரிலும் காட்டலாம் என்றால், கிராம அதிகாரி கையை விரித்துவிட்டார். ஒரே கதவெண், ஒரே ரசீது. அதை ஓர் ஆளுக்குத்தான் காட்டமுடியும்.

மாலையில் அக்கா சிறைக்கு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். "ஒருத்தருக்குத்தான் போட முடியுமாம்ப்பா. யாருக்குப் போடட்டும், நீங்களே சொல்லுங்க." எனக்கு அப்போது மஞ்சள் காமாலை கண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "இவனுக்குப் போடுங்கக்கா. கண்ணப் பாருங்க, மஞ்சக்கெழங்கு கணக்கா இருக்கு. எனக்கென்ன, உக்காந்து திங்கிற சோறுதானே?" ஊரில் அவன் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அதை அக்காவிடமும் அவன் சொல்லவில்லை, என்னிடமும் சொன்னதில்லை.

நான் வெளியே வந்தேன். தினமும் காலையில் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட்டேன். அக்கா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். போகி அன்று அவன் பெயருக்குத் தந்தி வந்தது. அப்பா போய்விட்டார். நான் படித்துச் சொன்னதும் அக்கா "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு இருவரும் வக்கீல் வீட்டுக்கு ஓடினோம். கோர்ட்டுக்குப் பொங்கல் விடுமுறை. திறந்திருந்தாலும் ஜாமீனுக்கு ஆள் எங்கே என்று வக்கீல் கேட்டார். ஒரே மகன் உயிரோடிருக்க, சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். சிறைக்குப் போய்ச் செய்தியைச் சொன்னபோது, அவன் கம்பியைப் பிடித்தபடி "எப்ப?" என்று மட்டும் கேட்டான்.

விடுமுறை கழிந்து, தளியிலிருந்து ஒரு தொழிலாளியின் மாமனார் தன் கோஸ் தோட்டத்தைக் காட்டி அவனுக்கு ஜாமீன் நின்றார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்வரக் கோர்ட் அனுமதி கொடுத்தது. மொட்டைத் தலையோடு திரும்பி வந்தவனுக்கு அக்கா இலை போட்டுப் பரிமாறினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

"சொன்னா மட்டும் நீங்க என்னக்கா பண்ணியிருப்பீங்க? இருக்கிறது ஒரு வீடுதானே?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். குத்திக்காட்டுகிற ஆளில்லை அவன். அக்கா பாதிப் பரிமாறலில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு கதவெண் கதையை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. கோடையில் ராகி விற்ற காசில், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமாக ஒட்டினாற்போல் அந்த அறையைக் கட்டினார். ஓடு போடுவதற்கு முன்பே பஞ்சாயத்துக்குப் போய், வரி போடுங்கள் என்று தானே கேட்டு, கணவர் பெயரில் தனி எண் வாங்கினார். கல்யாணமான ஒருவன் வாடகைக்குக் கேட்டபோது, "அது ஜாமீனுக்குப்பா. மறுபடி யாரையாச்சும் புடிச்சிகினு போனா? ஆள குடி வச்சா ஆறோட ஏழுன்னு சேத்து ஒரே நம்பரா எழுதிடுவாங்க" என்றார். அப்படி எழுத மாட்டார்கள் என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. வழக்கு சில வருஷம் இழுத்துக் கடைசியில் தள்ளுபடியானது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரையும் போலீஸ் பிடித்துப் போகவில்லை.

அவனும் நானும் கடைசி வரை நண்பர்களாகவே இருந்தோம். இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். யார் மேலும் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு போகியன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன மாதம் பாகலூர் போயிருந்தேன். ராகி வயலில் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. எல்லைக்கல் அதன் காம்பவுண்டுச் சுவருக்குள் பாதி புதைந்துவிட்டது. அக்கா இல்லை, அவர் மகள் காபி கொடுத்தாள். "ஆஸ்பத்திரியில கடைசியா, 'ரெண்டு நம்பருக்கும் வரி கட்டிட்டியா'ன்னுதாங்கண்ணா கேட்டாங்க" என்றாள். வரியை மிச்சம் பிடித்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், ஆளில்லாத அறைக்கு ஆயுள் முழுக்க வரி கட்டியிருக்கிறார்.

"இந்த வருஷம்?" என்று கேட்டேன்.

"கட்டிட்டேங்கண்ணா. சும்மா பூட்டிக் கெடக்கிற ரூமு, எதுக்குக் கட்றோம்னுதான் தெரியல."

நிலைக்கு மேலே தகரம் துருவேறியிருந்தது. எண் மட்டும் இன்னும் தெரிந்தது.

"ஒருத்தன் அவங்க அப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போறதுக்கும்மா" என்றேன்.