அண்ணியும் குரங்கின் நீலக் கோடுகளும்

தள்ளுவண்டிக்காரர் நூடுல்ஸ் மேல் வினிகரைத் தெளித்தால் போதும், பசி போய் எனக்கு எரிச்சல் வந்துவிடும். ஆராய்ச்சிக்கூடத்தில் சாயம் போக்கும் அமிலத்துக்கும் இதே வாடைதான். என் இருபதுகள் அதில் ஊறிக் கிடந்தன.

வீடு திருவொற்றியூரில், ஆராய்ச்சிக்கூடம் தெற்கே எங்கோ, நடுவில் மின்சார ரயில். குரங்குகளின் கர்ப்பப்பை உள்சுவரைப் பார்ப்பது என் வேலை. கரு வந்து ஒட்டுவதற்கு முன்பே அந்தச் சுவர் தன் புரதங்களை மாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடும். விருந்தாளி வாசலுக்கு வருமுன் பாய் விரிக்கிற வீடு மாதிரி. சில புரதங்கள் கூடும், சில குறையும். ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் மின்சாரம் விட்டு அவற்றைப் பிரித்து, நீலச் சாயம் ஏற்றினால் கோடு கோடாகத் தெரியும். பாதியில் கரண்ட் போகும், கோடுகள் கலங்கிப்போகும், மறுபடி முதலிலிருந்து. எண்ணூர் அனல்மின் நிலையப் புகை முழுக்க எங்கள் துணிக்கொடியில்; மின்சாரம் மட்டும் யார் வீட்டிலோ.

விரலில் ஒட்டிய நீலத்தைப் பார்த்து, எத்தனை கள்ள ஓட்டு போட்டே என்று தெருவில் கேட்பார்கள். தினமும் அதே ஜோக்.

அண்ணி அப்போது மூன்றாம் முறையாக உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. தண்ணி லாரியில் குடம் தூக்கினதுதான் காரணம் என்றாள் அம்மா. அண்ணன் எண்ணூர்ப் புகைக்காற்றைச் சொன்னான். பக்கத்து வீட்டம்மா, அண்ணி வேலைக்குப் போகும் கம்பெனியின் தையல் மெஷினைச் சொன்னாள். போதாதற்கு நான் ஒருநாள் புரோட்டீன் என்று வாயைவிட, அம்மா காசிமேட்டுக்கு ஓடிப்போய்ச் சுறா வாங்கிவந்து புட்டு செய்து வேளா வேளைக்கு ஊட்டினாள். சாப்பிடுவது நேராக அங்கே போய் ஒட்டாதும்மா, அந்தச் சுவர் தானாகச் செய்துகொள்வது அது என்று தொண்டை கிழியக் கத்தினேன். படிச்ச திமிருடி என்றாள். அண்ணி அத்தனையையும் வாந்தி எடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகடுகளின் போட்டோக்களைத் தரையில் பரப்பியிருந்தேன். அண்ணி வந்து உட்கார்ந்து, உண்டான குரங்கு எது, உண்டாகாதது எது என்று கேட்டாள். காட்டினேன். உண்டான குரங்கின் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போகாமல் என் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

"என்னுதையும் ஒருவாட்டி பாரேன். கோடு எப்டி கீதுன்னு தெரிஞ்சா போதும்."

எத்தனை முறைதான் விளக்குவது? உள்ளேயிருந்து ஒரு துணுக்கு வெட்டியெடுத்தால்தான் கோடு தெரியும். வெட்டினால் கருவே போய்விடலாம் என்றேன்.

"அப்போ அந்தக் கொரங்குக்கு?"

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். வண்டி வழக்கம்போலத் தாமதம். வண்டி மேல் கோபம், சுறா மேல் கோபம், இத்தனை கோடு போட்டும் இவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாத என் படிப்பின் மேல் அதைவிடக் கோபம். வண்டி வந்ததும் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணி வெளியிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிலன்னு மட்டும் சொல்லாத. டாக்டரம்மாவும் அதயேதான் சொல்லிக்கினு கீறாங்கோ. நிக்கும்னு சொல்லு."

"நிக்கும் அண்ணி. கம்பிய விடுங்க, வண்டி கெளம்புது."