போர்தோ ஒயினும் குணசேகரன் அத்தானும்

என் அக்கா பூர்ணிமாவின் வீட்டுக்காரர் குணசேகரன் அத்தான், பதினாறு வருஷம் உல்லாசக் கப்பலில் ஒயின் பரிமாறியவர். ஊற்றிக் கொடுப்பது மட்டுமில்லை. எது இன்றைக்குக் குடிக்க ஆகும், எதை இன்னும் மூடி வைக்க வேண்டும் என்று வாயில் வைத்துப் பார்த்துச் சொல்வார். பாபநாசத்துப் பக்கம் எங்கள் ஊரில் இதைச் சொன்னால், குடிக்கச் சம்பளமா என்பார்கள். குடிக்க மாட்டார், துப்பிவிடுவார் என்றால் இன்னும் சிரிப்பார்கள்.

கொரோனாவில் கப்பல் நின்றது. ஊருக்கு வந்து குத்தகைக்கு நிலம் பிடித்தார். மறுபடி கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்திருப்பார். கூப்பிடவில்லை. அந்தக் கடுப்பில் பிடித்ததுதான் பாக்குச் சீவலும் புகையிலையும். ருசி பார்க்கும் நாளில் பேஸ்ட் வாடைகூட வாயில் இருக்கக் கூடாது என்றிருந்த மனுஷன், விடிந்ததும் கன்னத்தில் அடக்கிக்கொள்வதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். போகப் போகக் குழம்பில் காரம் ஆகவில்லை. வாயும் முன்போலத் திறக்கவில்லை. அக்கா டாக்டரிடம் கூப்பிட்டால், அறுவடை முடியட்டும் என்பார்.

போன மாசியில், தஞ்சாவூருக்கு வெளியே ஆற்றங்கரையில் ரிசார்ட் கட்டியிருக்கும் துரைராசு, ஒயினுக்கு ஆள் தேடுகிறார் என்று தெரிந்தது. அத்தான் ஒரு வாரம் சீவலைத் தொடவில்லை. முகமே மாறிவிட்டது. நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன்.

துரைராசு பிரான்சிலிருந்து தருவித்த ஒரு போர்தோ சிவப்பு ஒயினை, லேபிளை மறைத்து, மூன்று கிளாஸில் ஊற்றினார். எனக்கும் ஒன்று, வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் யோக்கியன் இல்லை. அத்தான் வெள்ளைத் துணிக்கு மேலே கிளாஸைச் சாய்த்தார். ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தைக் காட்டி, ரொம்ப இளசு, இரண்டு மூன்று வருஷம்தான் இருக்கும் என்றார். முகர்ந்து, நாவல்பழ வாசனை, பின்னால் சீவிய பென்சில் வாசனை என்றார். எனக்கும் பென்சில் தெரிந்தது. துரைராசு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அத்தான் ஒரு வாய் வைத்து, சுழற்றி, துப்பினார். "மிருதுவா இருக்கு சார். இப்பவே பரிமாறலாம்."

நான் அதற்குள் விழுங்கியிருந்தேன். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஈறெல்லாம் வறண்டது.

துரைராசும் குடித்துவிட்டு அவரைப் பார்த்தார். "துவர்ப்பு தாங்கலையேங்க. உங்களுக்குத் தெரியலையா?"

அத்தான் இன்னொரு வாய் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நிறத்தை வைத்தே, ஆமாம் துவர்க்கிறது என்று சமாளித்திருக்கலாம்; இளசு ஒயின் துவர்க்கும் என்பது அவருக்குத் தெரியாததா? கிளாஸைக் கீழே வைத்து, "இல்ல சார், தெரியல" என்றார். துரைராசு மரியாதையாகக் காபி வரவழைத்தார். வேலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தான் வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லை. உள்தோல் கெட்டித்துப்போய்விட்டது, பாக்கை விட்டாலும் பழையபடி ஆகாது, புற்றாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

திரும்பும்போது வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்க ஆரம்பித்தார். துவர்ப்பு நாக்கிலா, ஈறிலா? விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நின்றது? மணல் மாதிரி சொரசொரப்பா, மாவு மாதிரி நைஸா? கடைசியில் புளிப்பு வந்ததா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வண்டிச் சத்தத்தில் காதில் விழாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். வேகத்தைக் குறைத்தேன்.

ஊர் எல்லை வந்ததும் சொன்னார்: "நல்ல ஒயின் மாப்ள. துவர்ப்பு அடங்கப் பத்து வருஷம் மூடி வைக்கணும். துரைராசு சாருக்குப் போன் போட்டுச் சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லாத."