லயத்து வாசலில் துரை வெங்காயம்

எங்கள் அக்கா கண்மூடி ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என்னுடைய வணக்கம். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படித்தவர் யாரிடமாவது எழுதக் கொடுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். ஒருவர் தயவும் இல்லாமல் பதுளை பஜாரில் கடை போட்டு நிமிர்ந்தவனுக்கு நாலு பக்கம் எழுத வராதா? பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும்.

அக்கா பிறந்தது ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். அம்மா எங்களை விட்டுப் போனபோது அக்காவின் முதுகில் கொழுந்துக் கூடை சரியாக நிற்காது. அவ்வளவு சின்ன உருவம். அந்தக் கூடையைச் சுமந்துதான் எனக்குச் சோறு போட்டார். "நீ மலையில நிக்காதடா, கடத்தெருப் பக்கம் போ" என்று என்னைப் பதுளைக்கு பஸ் ஏற்றி விட்டதும் அவர்தான். நான் முன்னேறியது என் மூளையால். அந்த மூளைக்குக் கஞ்சி ஊற்றியவர் அக்கா.

அக்காவைக் கட்டிய மச்சான் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதில் பெயர் எடுத்தவர். அவர் கத்தி பட்டு மட்டமாக நின்ற செடி, மறுபடி தளிர்க்காமல் இருந்ததே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அக்காவுக்கு வெள்ளைக்காரத் துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை கிடைத்தது. துரைசாணி தன் ஊரிலிருந்து ஒரு மஞ்சள் பூவின் கிழங்கு கொண்டுவந்து நட்டிருந்தார். டாஃபடில் என்று பெயராம். பார்க்க வெங்காயம் போலவே இருக்கும். ஆகவே தோட்டத்தில் எல்லோருக்கும் அது துரை வெங்காயம். குழம்பில் போட்டால் வாந்திதான், யாரும் முயல வேண்டாம்.

அதை வளர்க்கும் முறையை அக்கா பங்களாவில் வேலை செய்தே பழகினார். பூ முடிந்தபின் தாள் என்கிற இலை தானாகப் பழுக்கும் வரை கை வைக்கக் கூடாது. பிறகு கிழங்கைத் தோண்டி நிழலில் காயவைத்து, துரைசாணியின் ஐஸ் பெட்டிக்குள் சில வாரம் வைக்க வேண்டும். குளிர் பட்டால்தான் அதற்குப் பூக்கத் தோன்றுமாம். பனிக்காலம் தொடங்கும்போது மணல் கலந்த மண்ணில், முனை மேலே பார்க்க நட வேண்டும். பங்களாவில் சமையல் பார்த்த அப்பு, "மீன் வைக்க எடமில்ல, வெங்காயத்துக்கு எடமாம்!" என்று ஒவ்வொரு வருடமும் முணுமுணுப்பாராம்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் துரை குடும்பம் ஊர் திரும்பியது. போகும்போது துரைசாணி ஒரு கை நிறையக் கிழங்கை அக்காவின் முந்தானையில் போட்டார். பின்வாசலில் நின்ற அப்பு சிரித்தார்.

"தங்கச்சி, இது தொரைமாரு பூ. பங்களா மண்ணுலதான் பூக்கும். லயத்து வாசல்ல தாளுதான் வரும். தாள அரிஞ்சு தேங்காப்பாலுல சொதி வச்சுக் குடி."

"பூக்க வச்சுக் காட்டுறேண்ணே" என்றார் அக்கா. அன்றிலிருந்து அது அவருக்கு மானப் பிரச்சினை.

முதல் வருடம் குளிர் வைக்க வழியில்லை. வாசலில் தாள் மட்டும்தான் நீண்டு வந்து சாய்ந்தது. அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, உதவி செய்வதாக நினைத்த மச்சான் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, பச்சைத் தாளை எல்லாம் மட்டமாக வெட்டிவிட்டார்.

"என்னாங்க இது?"

"கவ்வாத்து புள்ள. அடுத்த தடவ சும்மா ஜோராக் கெளம்பும் பாரு."

"இது தேயிலையா? தாளுதாங்க கெழங்குக்குச் சோறு போடுது. சோத்துப் பானைய ஒடச்சுப்புட்டு ஜோராக் கெளம்புமாம்!"

அன்று மச்சானுக்கு ரொட்டி கிடைத்தது, தொட்டுக்கொள்ளச் சம்பல் கிடைக்கவில்லை.

பாதிக் கிழங்கு அழுகிப்போனது. மிஞ்சியதை மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் போட்டு அக்கா தேற்றினார். அடுத்த வருடமும் தாள்தான். அந்த வழியாகப் போகும் அப்பு, "தாளு செழிப்பா இருக்கு தங்கச்சி" என்று சொல்லாமல் போனதில்லை. தாள் பழுத்ததும் அக்கா கிழங்கைத் தோண்டிக் காயவைத்து, துணிப்பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிட்டார். அப்போது நான் கூல்டிரிங்ஸ் கடை போட்டிருந்தேன். எங்கள் வரிசையில் முதல் ஐஸ் பெட்டி என்னுடையதுதான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"தம்பி, இத உன் பொட்டியில வையி."

"அக்கா, அது சோடா வைக்கிற எடம்."

"ஒன்னைய வளத்தவ கேக்குறேன்."

கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மொதலாளி, வெங்காயத்துக்கும் வேர்க்குதா?" என்றார்.

"இது வெள்ளக்கார வெங்காயம் நானா. குளிரு இல்லாட்டி கோவிச்சுக்கும்."

பனிக்காலத்தில் அக்கா அவற்றை எடுத்துப்போய் நட்டார். மச்சான் கத்தியைக் கூரையில் செருகி வைத்துவிட்டு, கோழி வராமல் குச்சி நட்டு வேலி கட்டினார். மாசி பிறந்ததும் ஒரு காலையில், லயத்து வாசலில் மஞ்சளாகப் பூத்து நின்றது. சேதி கேட்டு நான் கடையை அடைத்துவிட்டுப் போனேன். லயமே கூடி நின்றது. அப்புவும் வந்தார், குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார்.

"சொதி வச்சிருக்கேன், குடிக்கிறீங்களாண்ணே?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அப்புவும் சிரித்தார். படியில் உட்கார்ந்து தேநீர் குடித்து முடித்தபின் மெதுவாகக் கேட்டார்:

"தங்கச்சி, எத்தன வருசம் தொரை மேசைக்கு இத வெட்டி வச்சிருப்பேன்! எனக்குன்னு ஒண்ணு நட்டதில்ல. ஒரு கெழங்கு தருவியா?"

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வருடம் தாள் பழுத்ததும், இருந்ததிலேயே பெரிய கிழங்குகளாகப் பார்த்து எடுத்து, அப்பு குடியிருந்த பங்களாப் பின்கட்டு அறைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்ட வேறு யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

கடைசி நாட்களில் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அதே நினைப்புதான்.

"பூத்துருச்சாடா?"

"பூத்துருச்சுக்கா. அப்பு வீட்லயும் பூத்துருச்சாம்."

"நம்மளுதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டுச் சிரித்தார். நிறைந்த மனதோடுதான் எங்கள் அக்கா போனார்.

அவரைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அப்பு அண்ணனுக்கும், வண்டி கொடுத்து உதவிய நானாவுக்கும், பாடை சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், ஓர் இரவுகூட அவர் பக்கத்தை விட்டு அகலாத மச்சானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திவசத்துக்கு வரும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வருடமும் பூத்திருக்கிறது. சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அக்கா வாசலுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். லயத்து வாசல்தான். பங்களா போலக் கேட்டு கிடையாது, யாரையும் கேட்கவும் வேண்டாம்.