அத்தையின் காப்பும் என் காப்பும்

எனக்கு வயது அறுபத்தாறு. வளர்த்து ஆளாக்கியது ஏழு பேரை. ஒருவரும் சோடை இல்லை. எனக்கு என் பேரை எழுத மட்டும்தான் தெரியும். மீதியைப் பேத்தி எழுதுகிறாள்.

எனக்கு ஒன்பது வயதில், ஐயனுடைய தங்கை, அதாவது என் அத்தை, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு கோபாலபுரத்துக்குப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அந்த மார்கழியில் ஒரு பண்டாரம் வந்தார். இந்த உடம்பு ஒன்பது ஓட்டை விழுந்த தோல் பை, இதற்குத் தீனியை நிறுத்தினால் உள்ளே இருக்கும் முருகன் தெரிவான் என்று பாடினார். பாடிவிட்டு மூன்று தரம் சோறு கேட்டு வாங்கி உண்டு போனார்.

அத்தை மறுநாளே தைப்பூசக் காவடிக்கென்று மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள். முதலில் ராச்சோறு நின்றது, பிறகு பகல் சோறும். ஒரு செம்பு மோர்தான். காப்புக் கட்டியவரை நாங்கள் சாமி என்போம். வையக் கூடாது, தடுக்கக் கூடாது. ஐயனே வாய் திறக்கவில்லை. ஊர்ப் பெண்கள் வந்து அவள் காலில் விழுந்தார்கள். அவளோ நாளுக்கு நாள் எலும்பாகிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அம்மா என்னைக் குளிப்பாட்டி, என் கையிலும் காப்பைக் கட்டினாள். “இனி நீயும் சாமிதான். அத்தை பண்றதையே பண்ணு” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை சோற்று வட்டிலைத் தள்ளினாள், நானும் தள்ளினேன்.

“ஏனுங்க நங்கையா, கொழந்தைக்கு எதுக்குங்க இது?” என்று அத்தை தன் அண்ணியான அம்மாவிடம் கேட்டாள்.

“சாமியத் தடுக்க நானு ஆருங்க?” என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் கிணற்று மேட்டில் கண் இருட்டி விழுந்தேன். விழித்தபோது அத்தை மடியில் கிடந்தேன். அவள் கையில் கம்பங்கூழ்.

“வாயத் தொற கண்ணு.”

“நீங்க குடிச்சாத்தானுங்க.”

“எனக்கு எதுக்கு? இது அழுகற ஒடம்பு.”

“என்னுதும் அதேதானுங்களே அத்தே. அழுவட்டும்.”

அத்தை கையை ஓங்கினாள். என் காப்பைப் பார்த்ததும் ஓங்கின கை அப்படியே நின்றது.

“தோளு இல்லாம காவடிய எதுலீங்க தூக்குவீங்க?” என்றேன். கேலி இல்லை, எனக்கு நிசமாகவே தெரியவில்லை.

பின்னால் நின்ற அம்மா சொன்னாள்: “முருகன் அந்தத் தோலுப் பைக்குள்ளதான இருக்கறான்? அவனையுந்தானுங்க பட்டினி போடறீங்க.”

அத்தை அழுதாள். பிறகு அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். அந்தத் தைப்பூசத்தில் எங்கள் ஊர்க் கூட்டத்தில் அவள்தான் பழனி மலையில் காவடியோடு முதலில் ஏறினாள்.

முருகன் தெரியப்போகும் நேரத்தில் நான் கெடுத்துவிட்டேன் என்று, அவளோடு நடந்த வழியெல்லாம் எனக்கு உறுத்தலாக இருந்தது. அவள் தேடியது முருகனை அல்ல, மாமன் போன வழியை என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. அம்மா வயதாகிப் போய்ச் சேர்ந்த பிறகு அத்தைதான் சொன்னாள்: நான் சாப்பிடாத அந்த மூன்று நாளும் அம்மாவும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

எழுதியாயிற்றா, கண்ணு? எங்கே, முதலிலிருந்து வாசி. மெதுவாக வாசி.