உள்ளே இரும்பு ஏதும் இருக்கா?

பஸ் ஏறும் நாளில் யசோதினி பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கதிரவெளியிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வரும்வரை பின்கதவுக்குப் பக்கத்து சீட், கறுப்புப் பாவாடை, பையில் மாற்றுடுப்பு. மலம் எப்போது நழுவும் என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பயத்தில்தான் அம்மன் சடங்குக்குப் போவதையும் விட்டாள். கருவாடு காயவைக்கும் வாடியில் கூட வேலை செய்தவர்கள், "அவவுக்குப் பவுசு கூடிப்போச்சு" என்றார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகன் பிறந்தபின் கூடிய கோளாறு என்றுதான் டொக்டர் கம்சாயினியிடம் சொல்லியிருந்தாள். முள்ளந்தண்டின் அடியெலும்பிலுள்ள துளை வழியாக மெல்லிய கம்பியை நரம்பருகே வைத்து, சிறு மின்துடிப்புக் கொடுத்தால் அடக்கும் சக்தி திரும்பலாம் என்றார் அவர்.

"எலும்பைப் பாத்தும் கம்பி விடலாம். ஆனா நரம்பு ஆளுக்கு ஆள் வேற மாதிரி ஓடும். முதல்ல நரம்பைப் படம் பிடிச்சுப் பாப்பம்."

ஸ்கான் அறை வாசலில், மெஷினை இயக்கும் சுதாகரன் கேட்டார்: "உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இரிக்கா தங்கச்சி? கம்பி, ஷெல் துண்டு?"

"இல்ல."

"முதுகில தழும்பு கிடக்காமே?"

"சைக்கிளால விழுந்தது."

யோசிக்காமல் வந்த பதில். சின்ன வயதில் ஷெல் பட்ட காயம் ஆறுமுன்பே அம்மா புஸ்பம் பழக்கிவிட்டது. சோதனைச்சாவடியில் ஷெல் காயம் என்று வாய் திறந்தால், எந்த இயக்கம், எங்கே பயிற்சி என்று விசாரணைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். சாவடிகள் போயும் பதில் போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதுதான். கட்டிய ஜெயந்தனுக்கும் சைக்கிள்தான்.

கட்டிலில் படுக்கவைத்து, கையில் ரப்பர் குமிழைத் தந்தார் சுதாகரன். "காந்தம் சரியான பெலம். சாவிக்கொத்தையே பறிச்சு இழுத்துப்போடும். பயந்தா இதை அமத்துங்க."

கட்டில் நகர்ந்தது. முதுகின் அடியில், இடப்பக்கம், விரல் வைத்தால் தட்டுப்படும் அந்தச் சிறு கட்டி. அதை யாரும் எடுக்கவில்லை. சாவிக்கொத்தே பறக்கும் என்றால் இது? சதையைக் கிழித்துக்கொண்டு வருமா? சொன்னால் வாசலில் இருக்கும் ஜெயந்தனுக்குக் கேட்குமே. அவனுக்குப் பக்கத்தில் சீருடை போட்ட காவலாளி வேறு.

தலை குழாய்க்குள் போனது. குமிழை அமத்தினாள்.

"ஷெல் துண்டு," என்றாள். பிறகு சத்தமாக: "உள்ள இரிக்கு."

சுதாகரன் பாய்ந்து வந்து கட்டிலை வெளியே இழுத்தார். ஏசவில்லை. நேரே எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார்.

எக்ஸ்ரேயில் அடியெலும்பின் இடப்பக்கத் துளையோரம், பல்லளவு வெள்ளைத் துண்டு. டொக்டர் அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இடப்பக்கம்தான் முதல்ல விட நினைச்சனான். அங்க நரம்பு எப்பவோ அடிபட்டிருக்கும். காந்தம் வேணாம். காந்தமில்லாத சீ.டி. ஸ்கான்லயும் நரம்பின்ட வழி ஓரளவு தெரியும். வலப்பக்கம் விடுவம்."

வெளியே ஜெயந்தன் எழுந்து நின்றான். அவனுக்குக் கேட்டிருந்தது.

"அந்தச் சைக்கிளை நான் எவ்வளவு ஏசியிருப்பன்!" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "எனக்கும் சொல்லாம இருந்திட்டியே?"

"சொல்லிப் பழக்கமில்ல."

அடுத்த கிழமை சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்திருந்தாள். படத்தைப் பார்த்துப் பார்த்து டொக்டர் ஊசியை இறக்கினார். ஊசி வழியே மின்துடிப்பு விட்டதும், அவள் அசைக்காமலே, வலது காற்பெருவிரல் மடங்கியது.

"அதுதான் இடம்! நோகுதா?"

"இல்ல டொக்டர். பயமாக் கிடக்கு."

உள்ளே வைத்த கம்பி உதவுமா என்பது சில நாள் பார்த்தால்தான் தெரியும். பிளாஸ்டர் ஒட்ட வந்த புதிய தாதி முதுகைத் தடவிப் பார்த்தாள். "இது என்னக்கா தழும்பு?"

சைக்கிள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யசோதினி விழுங்கிக்கொண்டாள்.

"ஷெல்," என்றாள், கதவைப் பார்த்தபடி.